சாமியைக் கேலி பேசலாமா? மத நகைச்சுவையும் அதன் எல்லையும்

அப்பன் இரந்துண்ணி ஆத்தாள் மலைநீலி
ஒப்பரிய மாமன் உறிதிருடி – சப்பைக்கால்
அண்ணன் பெருவயிறன் ஆறுமுகத் தானுக்கிங்கு
எண்ணும் பெருமை இவை

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் காளமேகப் புலவர் முருகனைப் பற்றிப் பாடிய வெண்பா இது. அப்பா பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர், அம்மா மலையில் திரிகிற நீலி, மாமா உறியிலிருந்து வெண்ணெய் திருடியவர், அண்ணனுக்குச் சப்பைக்கால், பானை வயிறு. ஆறுமுகனே, உன் குடும்பப் பெருமை இவ்வளவுதான் என்கிறார் புலவர். திட்டுவதுபோலப் புகழும் இந்த வகைப் பாட்டுக்கு நிந்தாஸ்துதி என்று பெயர். முருக பக்தர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவதில்லை. சொற்பொழிவு மேடைகளில் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பவர்களே பெரும்பாலும் முருக பக்தர்கள்தான்.

இதே வரிகளை முருகனை வணங்காத ஒருவர், திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒலிபெருக்கியில் ஏளனக் குரலில் வாசித்தால் என்ன ஆகும்? ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் கைகலப்பு நடக்கலாம், காவல் நிலையம்வரை போகலாம். மத நகைச்சுவையைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். எல்லை சொற்களுக்குள் இல்லை. யார், யாரைப் பார்த்து, யார் முன்னால் சிரிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

சிரிப்பு ஏன் வருகிறது என்பதற்கு உளவியலில் பல விளக்கங்கள் உண்டு. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட விளக்கம் நம் தலைப்புக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு விஷயம் ஒழுங்கை மீறியதாகவும் தோன்ற வேண்டும், அந்த மீறலால் பெரிய தீங்கில்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றும்போது சிரிப்பு வருகிறது என்றார்கள். அவர்கள் சோதித்த கதைகளில் ஒன்று: ஒரு தேவாலயம் புதிய உறுப்பினர்களைச் சேர்க்க, பெரிய ஆடம்பரக் கார் ஒன்றைக் குலுக்கல் பரிசாக அறிவிக்கிறது. தேவாலயத்துக்குப் போகாதவர்களுக்கு இந்தக் கதை அதிகமாகச் சிரிப்பை வரவழைத்தது. தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை. இது தப்பு என்று இரு தரப்பும் உணர்ந்தார்கள். ஆனால் தேவாலயத்தின் புனிதத்தை மனத்தில் சுமப்பவருக்கு அந்த மீறல் வலித்தது, சுமக்காதவருக்கு வலிக்கவில்லை.

ஒருவருக்குத் தீங்கில்லாததாகத் தெரிவது இன்னொருவருக்கு ஏன் அப்படித் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. இது வெளியில் நிற்பவரின் சிரிப்பை விளக்குகிறது. ஆனால் காளமேகத்தை விளக்கவில்லை. முருகனின் புனிதத்தை முழுமையாகச் சுமப்பவர்களே அந்த வெண்பாவைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார்களே, அது எப்படி?

அதற்கு விடை உரிமையில் இருக்கிறது. நம் அப்பாவை நாமே வீட்டில் கேலி செய்வோம். தெருவில் போகிறவர் அதையே சொன்னால் சண்டைக்குப் போவோம். தமிழ் பக்தி இலக்கியம் முழுக்க இந்த உரிமைதான் ஓடுகிறது. சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரைவிட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து, பிறகு அதை மீறியதால் அவர் கண்பார்வை இழந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. காஞ்சியில் ஒரு கண் திரும்பக் கிடைத்தது. இன்னொரு கண்ணைக் கேட்டுத் திருவாரூரில் நின்று பாடுகிறார்:

எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே

என் கண்ணை எதற்காகப் பறித்தீர், பழி உமக்குத்தான் வந்தது, மற்றக் கண்ணையும் தராவிட்டால் போம், நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்கிறார். சத்தியத்தை மீறியவர் பாடியவர்தான். பழியை ஏற்க வேண்டியவர் கடவுளாம்! அடிவாங்கியும் வீட்டைவிட்டுப் போக மறுக்கும் பிள்ளையின் வீம்பு இந்தப் பாட்டில் இருக்கிறது. இது ஏழாம் திருமுறையில் சேர்ந்து, இன்றுவரை ஓதுவார்களால் சந்நிதியில் பாடப்படுகிறது. வைணவத்திலும் இதே தொனி உண்டு. மயிலாடுதுறைக்கு அருகே உள்ள திருஇந்தளூர்ப் பெருமாள் தமக்குக் காட்சி தராமல் போனதாக எண்ணி ஊடிய திருமங்கையாழ்வார், “வாசி வல்லீர் இந்தளூரீர் வாழ்ந்தே போம் நீரே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிவனடியாரும் ஆழ்வாரும் தங்கள் தங்கள் கடவுளை ஏறக்குறைய ஒரே சொற்களால் ஏசியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் செய்தி.

மாணிக்கவாசகரின் திருச்சாழல் இன்னும் நுட்பமானது. இரு பெண்கள் விளையாடிக்கொண்டே பேசுவதுபோல அமைந்த இருபது பாடல்கள். ஒருத்தி சிவனைக் கிண்டலாகக் கேள்வி கேட்பாள். மற்றவள் மடக்கிப் பதில் சொல்வாள். “எல்லோருக்கும் ஈசன் என்கிறாய், அவன் தைத்த கோவணத்தைக் கட்டிக்கொண்டு திரிவது என்னடி?” என்பது ஒரு கேள்வி. நான்கு மறைகளையே அரைஞாணாக்கி, தன்னையே கோவணமாகச் சாத்திக்கொண்டான் என்பது பதில். ஈழத்து அரசனின் ஊமை மகள், தில்லையில் பௌத்தர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு வாய் திறந்து விடை சொன்ன நிகழ்ச்சியோடு மரபு இந்தப் பதிகத்தை இணைக்கிறது. அந்தக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எதிர்த்தரப்பின் ஏளனத்தை மறைக்காமல், அதன் கூர்மை குறையாமல் பாட்டுக்குள் கொண்டுவந்து, அதையே பக்தியின் விளையாட்டாக மாற்றியிருக்கும் துணிச்சலைக் கவனியுங்கள். கேலிக்கு அஞ்சும் நம்பிக்கையால் இப்படிப் பாட முடியாது.

இது தமிழுக்கு மட்டும் உரிய பண்பு என்று பெருமைப்பட வேண்டாம். யூதர்களின் தால்முத் நூலில் ஒரு கதை வருகிறது. சட்ட நுணுக்கம் ஒன்றில் ரபிகள் (யூத மத குருமார்) வானிலிருந்து வந்த குரலையே ஏற்க மறுக்கிறார்கள். சட்டம் இப்போது வானத்தில் இல்லை, எங்கள் கையில் இருக்கிறது என்று வாதிடுகிறார்கள். அதைக் கேட்ட கடவுள் சிரித்து, “என் பிள்ளைகள் என்னைத் தோற்கடித்துவிட்டார்கள்” என்றாராம். துருக்கி முதல் இந்தியா வரை முஸ்லிம்கள் சொல்லிச் சிரிக்கும் முல்லா நஸ்ருதீன் கதைகளில் மசூதிப் பிரசங்கமும் தப்புவதில்லை. 2024 ஜூன் 14 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வாத்திகனுக்கு அழைத்துப் பேசிய போப் பிரான்சிஸ், கடவுளைப் பார்த்தும் சிரிக்கலாம், அது தெய்வநிந்தனை ஆகாது, நாம் நேசிப்பவர்களோடு விளையாடுவதைப் போன்றது அது என்றார். நம்புகிறவர்களின், குறிப்பாக ஏழைகளின், சமய உணர்வைப் புண்படுத்தாமல் அதைச் செய்ய முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த ‘குறிப்பாக ஏழைகளின்’ என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது கடவுளைப் பற்றிய சிரிப்பு. கடவுளின் பெயரால் பிழைப்பவர்களைப் பற்றிய சிரிப்பு வேறு வகை. அதற்கும் நம் மண்ணில் அருமையான சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகம்தான் அது. காஞ்சித் தெருவில் குடிபோதையில் தள்ளாடும் காபாலிகன் (மண்டையோடு ஏந்தித் திரியும் சைவத் துறவி) சத்தியசோமன், தன் மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். மதுக்கடையைப் பார்த்து, இது வேள்விச்சாலையேதான் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு உருகுகிறான். பாத்திரத்தைத் திருடியதாக அவன் சந்தேகப்படும் பௌத்தத் துறவி நாகசேனனோ, இவ்வளவு கருணை உள்ள புத்தர் மதுவையும் மங்கையரையும் ஏன் தடுத்திருப்பார், பொறாமை பிடித்த கிழட்டுத் துறவிகள் அந்த அனுமதியை ஏட்டிலிருந்து நீக்கியிருப்பார்கள் என்று தனக்குள் புலம்புகிறான். வழக்கைத் தீர்க்க வரும், இன்னொரு சைவப் பிரிவைச் சேர்ந்த பாசுபதன் காபாலிகனின் துணைவி மேலேயே கண் வைத்திருக்கிறான். கடைசியில் பார்த்தால் பாத்திரத்தைத் தூக்கிப்போனது ஒரு நாய்.

சைவத்தின் இந்த இரு பிரிவும் பௌத்தமும் இதில் அடிவாங்குகின்றன. நீதிமன்றத்துக்குப் போனாலும் பௌத்த விகாரைகளின் (மடங்களின்) பணம் அங்கே வாயடைத்துவிடும் என்ற அச்சமும் நாடகத்தில் பேசப்படுகிறது. அந்த நீதிமன்றமோ நாடகத்தை எழுதிய மன்னனுடையது! சிவனையோ புத்தரையோ நாடகம் தொடவில்லை. அவர்கள் சொன்னதற்கும் இவர்கள் நடப்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் அளக்கிறது. மத்தவிலாசம் பிற்காலத்தில் கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் ஆடும் கூத்தாக, பக்தர்கள் நேர்ந்துகொள்ளும் வழிபாடாகவே ஆனது. குடிகாரச் சாமியாரைப் பற்றிய நகைச்சுவை கோயில் காணிக்கையான கதை இது. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதற்கு உறவான வேலைதான். துரியோதனனையும் கேட்பான், கண்ணனையும் கேட்பான். விடிய விடிய பாரதம் கேட்க உட்கார்ந்திருக்கும் ஊர்சனம் அவனுக்காகவே கண் விழித்திருக்கும்.

போலிகளைப் பார்த்துச் சிரிப்பதை மதத்துக்கு எதிரான செயலாக நான் எண்ணவில்லை. மதத்துக்குச் செய்யும் உதவி என்றே எண்ணுகிறேன். 2016 ஜனவரியில் கிக்கு ஷர்தா என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர், தேரா சச்சா சௌதா என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீமைப் போல வேடமிட்டு நடித்ததற்காக ஹரியாணா காவல்துறையால் கைது செய்யப்பட்டார். மத உணர்வைப் புண்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தம் பெண் சீடர்கள் இருவரைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்துக்காக அதே ராம் ரஹீமுக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. புண்பட்டதாகச் சொல்லப்பட்ட உணர்வு அந்தக் காலத்தில் யாரைக் காத்து நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். எல்லை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது: நம்புகிற சாதாரண மனிதர்களையே கேலிப்பொருளாக்குவது. இதிலும் நம் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பெரும்பாலானவற்றின் பத்தாம் பாடல் சமணரையும் பௌத்தரையும் சாடுவது. குளிக்காதவர்கள், நின்றபடி உண்பவர்கள், தலைமயிரைப் பறித்துக்கொள்பவர்கள் என்று அவர்களின் உடலும் வழக்கமும் அங்கே ஏளனத்துக்கு உள்ளாகின்றன. சம்பந்தரின் தமிழ் எவ்வளவு இனித்தாலும், சுந்தரரின் ஊடலோடு இதை ஒன்றாக வைக்க முடியாது. சுந்தரர் தம் மேல் அதிகாரம் உள்ளவரிடம் சண்டை போட்டார். இங்கே எதிரில் நிற்பவர்கள் இன்னொரு கூட்டத்து மனிதர்கள். மதுரையில் சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதை வரலாறா என்பது விவாதத்துக்குரியது; ஆனால் ஏளனப் பாட்டும் கழுவேற்றக் கதையும் ஒரே சம்பந்தரின் பெயரோடு சேர்ந்து வருவதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இன்றைக்கு இதன் வடிவம் என்ன? மதம் மாறிய ஏழைகளை ‘அரிசி மூட்டைக் கிறிஸ்தவர்’ என்பது. தாடி வைத்த எந்த முஸ்லிமைக் கண்டாலும் குண்டு பற்றி ஒரு சிரிப்பு. குடுமி வைத்த அர்ச்சகரின் பேச்சைக் கோணலாகப் பேசிக்காட்டுவது. ஊர்த் திருவிழாவில் சாமியாடும் பெண்ணை வீடியோ எடுத்து, நகரத்துக் குழுக்களில் சுற்றவிட்டுச் சிரிப்பது. இவற்றில் கடவுளும் இல்லை, கோட்பாடும் இல்லை, அம்பலப்படும் போலியும் இல்லை. தன் பாட்டுக்கு வாழும் மனிதர்தான் இருக்கிறார். அந்தப் பெண் அம்மனிடம் என்ன அழுதாள் என்று சிரிப்பவருக்குத் தெரியாது. போப் ஏழைகளைக் குறிப்பிட்டுச் சொன்னதன் நியாயம் இங்கே விளங்கும்: பலருக்கு நம்பிக்கையைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருப்பதில்லை.

டென்மார்க்கின் யில்லாண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் 2005 செப்டம்பர் 30 அன்று நபிகள் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. அவற்றில் மிகவும் பேசப்பட்டது, தலைப்பாகைக்குள் வெடிகுண்டு இருப்பதாக வரைந்த படம். நபியை வரைந்தது முஸ்லிம்கள் பலருக்குத் தாங்க முடியாத ஒன்று. அதற்கு மேல், அந்தப் படம் அவரைப் பின்பற்றும் எல்லோரையும் குண்டு வைப்பவர்களாகக் காட்டுகிறது என்று அங்கே சிறுபான்மையாக வாழும் குடும்பங்கள் உணர்ந்தால், அதை மிகை உணர்ச்சி என்று என்னால் தள்ளிவிட முடியாது. ஆனால் 2015 ஜனவரி 7 அன்று பாரீஸில், நபிகளின் கேலிச்சித்திரங்களை வெளியிட்ட நையாண்டி இதழான சார்லி ஹெப்தோவின் அலுவலகத் தாக்குதலில் 12 பேரைச் சுட்டுக் கொன்றது வேறு கணக்கு. எவ்வளவு மோசமான கேலிக்கும் கொலை பதிலாகாது. ‘ஆனாலும் அவர்கள் அப்படி வரைந்திருக்கக் கூடாது’ என்ற வாக்கியத்தைக் கொலைச் செய்திக்கு அடுத்து வைப்பதே தவறு என்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1920-களில் லாகூரில் நபிகளின் இல்லற வாழ்வை ஏளனம் செய்த ஒரு சிறு நூல் வெளியானது. அதை வெளியிட்டவரை 1927-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அன்றைய சட்டத்தில் அதைத் தண்டிக்கத் தெளிவான பிரிவு இல்லை. கிளர்ச்சி மூண்டது. அதே ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1929-ல் அந்தப் பதிப்பாளர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பிரிவு இன்றும் இருக்கிறது; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 299ஆம் பிரிவு என்ற பெயரில். அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுச் சிறை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு வகுப்பாரின் மதத்தை இழிவுபடுத்துவதைத்தான் இந்தப் பிரிவு தண்டிக்கிறது. அறியாமலோ கவனக்குறைவாகவோ கெட்ட எண்ணமின்றியோ வந்துவிடும் இழிசொல் இதற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் சொல்லிவிட்டது. யாரோ மனம் புண்பட்டார் என்பது மட்டும் போதாது. நடைமுறையோ வேறாக இருக்கிறது. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதான நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபாரூக்கி, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். இலங்கையில் நதாஷா எதிரிசூரிய பௌத்தம் பற்றி மேடையில் சொன்னவற்றுக்காக 2023 மே மாதம் கைதாகி, ஜூலை 5 அன்றுதான் ஜாமீனில் வந்தார். தண்டனை கிடைக்கிறதோ இல்லையோ, வழக்கு நடைபெறுவதே தண்டனையாகிவிடுகிறது. யாருடைய புண் கணக்கில் வருகிறது என்பதையும், காவல் நிலைய வாசலில் யாரால் கூட்டம் சேர்க்க முடிகிறது என்பதே பல நேரம் தீர்மானிக்கிறது. அதனால்தான் ‘புண்பட்டது’ என்பதை மட்டும் அளவுகோலாக வைக்க நான் தயங்குகிறேன்.

அப்படியானால் நம்பிக்கையே இல்லாதவரின் சிரிப்பை என்ன செய்வது? அவருக்குச் சுந்தரரின் உரிமை இல்லை. கடவுள் அவருக்கு உறவுக்காரர் அல்லர். சிவவாக்கியர், “நட்டகல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்” என்று கல்லைச் சுற்றிவந்து முணுமுணுப்பவர்களைக் கேட்டார். நாதன் உள்ளே இருக்கிறான் என்று அவர் சேர்த்துக்கொண்டதால் அவரைச் சித்தர் என்று கும்பிடுகிறோம். பெரியார் 1953-ல் திருச்சியில் களிமண் பிள்ளையாரைப் பொது இடத்தில் உடைத்தார். உள்ளே யாரும் இல்லை என்பது அவர் கட்சி. அது உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கானது. பூசையில் இல்லாத பொம்மைதானே என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளியதை 1958-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை: ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், அது எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும், அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா என்று நீதிபதி பார்க்க வேண்டியதில்லை என்றது. ஆனால் ஆண்டுகள் கடந்துவிட்டதால் பெரியார் மீது மேல்விசாரணைக்கு உத்தரவிடவில்லை.

எனக்கு அந்தத் தீர்ப்பின் இரு பாதியும் தேவைப்படுகின்றன. பக்கத்து வீட்டாரின் களிமண் பிள்ளையாரை நான் களிமண் என்று மட்டும் பார்க்கக் கூடாது. அதே சமயம், உள்ளே யாரும் இல்லை என்று நினைப்பவர் அதை வாய்விட்டுச் சொல்லவும், சிரித்துக்கொண்டே சொல்லவும், சொல்லிவிட்டு வீடு திரும்பவும் முடிய வேண்டும். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கல்லைப் பற்றிக் கேளுங்கள், காணிக்கைப் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள், கதைகளின் ஓட்டையைக் கேளுங்கள், பத்து ரூபாய்க்குக் கற்பூரம் வாங்கி வரிசையில் நிற்கும் அம்மாவின் முகத்தை மட்டும் உங்கள் நகைச்சுவையின் கருவியாக்காதீர்கள்.